அறுபதாம் பக்கத்துப் படம்

— வெந்நிப் பானை மூடிய முழுசா எடுக்காதண்ணே. ஓரமா நகட்டி வச்சு, வர்ற ஆவியில நோட்டக் காட்டு.

— இப்படிக் காட்டுனாப் போதுமா?

— இன்னும் கிட்டத்துல. ஊசி போடுற டாக்டருக்கு ஆவியக் கண்டு பயமா? குடு இங்கிட்டு, நான் காட்டுறேன். எத்தன ஏடு ஒட்டியிருக்கு?

— ரெண்டுதான். அறுபதாம் பக்கமும் அறுபத்தொண்ணும். வந்து... மத்தத நனைச்சிராத, ஜன்னத்து.

— இது உன் காலேசு நோட்டுல்ல?

— ரிக்கார்டு நோட்டு. இண்டர்மீடியட் ரெண்டாம் வருசம், நேச்சுரல் சயின்ஸ்.

— அதச் சொல்லு. நான் படம் போட்ட நோட்டு. அட்டை மூலையில எண்ணெக் கறை பாரு, என் பெருவிரல் அப்படியே பதிஞ்சு கெடக்கு. பதிமூணு வருசம் கழிச்சு இதத் தூக்கிக்கிட்டு, உத்தமபாளையத்துல ஆஸ்பத்திரியப் பூட்டிப்புட்டு, கம்பத்துக்கு வந்து என் அடுப்படியில நிக்கிறியே, என்ன விசயம்?

— எங்க சார் வாராக. ஞானமுத்து சார். மதுரையிலருந்து வர்ற பஸ்ல மத்தியானம் இங்கன எறங்குறாக. உன் வீட்டுக்கு வரச் சொல்லி நான்தான் எழுதினேன்.

— போடி ரயிலு ஓடுனப்ப வராத ஆளு. ரயிலத் தண்டவாளத்தோட பேத்து வெள்ளக்காரன் சண்டைக்குக் கொண்டுபோன பெறகு, பெட்ரோலு கெடைக்காமக் கரியில ஓடுற பஸ்ல வர்றாராக்கும்.

— அறுபது வயசுக்கு மேல, கரிப்புகையக் குடிச்சுக்கிட்டு வாராக. அவர் இவருங்கிறியே. எங்க வாத்தியாரு அவுக.

— உனக்கு வாத்தியாரு. எனக்கு யாரு? வரட்டும். கோழி அடிச்சுக் கொழம்பு வச்சுருக்கேன், தின்னுட்டுப் போகட்டும். நான் முன்கட்டுக்கு வர மாட்டேன். அம்புட்டுத்தேன்.

— மாப்ள எதுவும் சொல்லுவாருன்னு பாக்குறியா?

— அவுக குமுளிக்கு ஏலக்காய் எடுக்கப் போயிருக்காக. இருந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. வர மாட்டேங்கிறது நாந்தேன்.

— இங்க பாரு, அவுக வர்றதே இந்த நோட்டுக்காக. காய்ச்சல் கொசுவப் பத்திப் புஸ்தகம் எழுதி முடிச்சிருக்காக. ரிட்டயர் ஆன நாள்லருந்து அதே வேலை. போடி, சின்னமனூரு, கூடலூருன்னு வாய்க்கால் வாய்க்காலா எறங்கித் தண்ணி மோந்து பாத்திருக்காக. படம் போட ஆள் வச்சாகளாம். எத்தனையோ பேரு போட்டுக் குடுத்தும் ஒண்ணுலயும் உசுரு இல்லையாம். "அலி அக்பர், உன் ரிக்கார்டில் அறுபதாம் பக்கத்தில் ஒரு கொசுப்புழு இருந்தது, அது இன்னும் உன்னிடம் இருக்கிறதா"ன்னு கடுதாசி போட்டிருக்காக.

— பக்கம் நம்பர் வரைக்கும் நெனவு வச்சிருக்காரா?

— வச்சிருக்காக.

— ம். அந்த மூலை இளகுது. இழுக்காத, ஊறட்டும். ஆமா, இந்த ரெண்டு ஏடு எப்படி ஒட்டுச்சு?

— அது வந்து... மழையில நனைஞ்சுபோச்சு.

— நல்ல மழை. நடுவுல உள்ள ரெண்டு ஏட்ட மட்டும் நனைச்சிருக்கு.

— உனக்கு அந்தப் படம் நெனவிருக்கா ஜன்னத்து?

— நெனவில்லாமப் போகுமா? அம்மா மலைக்காய்ச்சல்ல போன மறுவருசம். எல்லாரும் மலைக்காத்துன்னாக, தண்ணி சேரலன்னாக. நீ பெருநாள் லீவுக்கு வந்தப்ப உன் புஸ்தகத்தப் படிச்சுத் தமிழ்ல சொன்ன. காத்துமில்ல தண்ணியுமில்ல, கொசுன்னு. எனக்கு அன்னிக்கு ராவெல்லாம் ஒறக்கம் வரல. விடிஞ்சதும் அம்மாவோட பீங்கான் கோப்பைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் பின்னால வாய்க்காலுக்குப் போனேன். எங்க அம்மாவக் கொண்டுபோனது எதுன்னு மொகத்தப் பாத்துரணும்னு.

— ஒரு வாரமா அந்தக் கோப்பைக்கு முன்னாலதான் கெடந்த.

— பதினோரு நாளு. உன் புஸ்தகத்துல புழு தண்ணிக்குள்ள தலகீழாத் தொங்குது. நம்ம கொல்லைத் தொட்டியில கெடந்ததும் அப்படித்தேன் தொங்குச்சு. வாய்க்கால்ல மோந்தது தொங்கல. தண்ணிக்கு மேல, துரும்பு கெடக்குறாப்புல, படுத்துக்கெடந்துச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, தொட்டியில உள்ளது வேற, வாய்க்கால்ல உள்ளது வேறன்னு. நீ என்ன சொன்ன?

— புஸ்தகத்துல உள்ளபடி போடு, மார்க்குப் போயிரும்னேன்.

— கத்துன. நான் கேக்கல. கண்ணுல கண்டதத்தேன் போட்டேன்.

— அந்தப் படத்த சார் கிளாஸ்ல தூக்கிக் காட்டுனாக. லென்ஸ வச்சுக்கிட்டு, நீ கோடு இழுத்துப் பேரு எழுதியிருப்பல்ல, அதையெல்லாம் ஒண்ணுவிடாமப் படிச்சாக. அவுக எப்பவும் அப்படித்தான், படத்துல ஒரு கோட்ட விட மாட்டாக. "புத்தகத்தைப் பார்த்துப் போடாமல் புழுவைப் பார்த்துப் போட்ட ஒரே ஆள் இவன்தான்"னாக. எங்க புடிச்ச, எத்தன நாள் வச்சிருந்த, என்ன தீனி போட்டன்னு கேட்டாக. எங்கூரு வாய்க்கால்லன்னு மட்டும் சொன்னேன். மத்ததுக்கு முழிச்சேன்.

— எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீதேன் கேக்கவே மாட்டியே. நோட்டுல செகப்பு மையில நாலு வார்த்தை இங்கிலீசுல எழுதி வரும். மார்க்கப் பாத்துட்டு மூடிருவ. நான் உன் பின்னாலயே திரிவேன், "என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுண்ணே"ன்னு. "வால் பக்கம் முடி எத்தனை?"ன்னு ஒரு தடவ. "மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்?"னு ஒரு தடவ. நீ பேருக்குப் படிச்சுட்டுப் பந்து வெளையாடப் போயிருவ. நான் ஒக்காந்து எண்ணுவேன். அவரு கேட்டதுக்குப் பதிலு அடுத்த படத்துல இருக்கும்.

— நான் அந்தப் படங்கள ஒழுங்காப் பாத்ததுகூட இல்ல.

— தெரியுமே. நான் போட்ட ஒரு படத்தையாச்சும் நீ பாத்திருந்தா, தவளைக்கு எந்தப் பக்கம் ஈரல்னு பரீட்சையில மாத்தி எழுதியிருக்க மாட்ட.

— அது உனக்கெப்படித் தெரியும்?

— நீதேன் வந்து அத்தாகிட்ட பொலம்புன. நான் கதவுக்குப் பின்னால நின்னு சிரிச்சேன். அந்தத் தவளைக்கு நான் பட்ட பாடு, யப்பா.

— மழை பேஞ்சா வண்டிப்பாதையில போயி நிப்பியே.

— என்ன செய்யிறது? தவளையக் கொல்லக்கூடாதுன்னு பள்ளிவாசல்ல ஓதிக்குடுத்த அசரத்து சொல்லியிருந்தாக. நான் கொல்லாம எனக்குத் தவளை வேணும். மாட்டுவண்டிச் சக்கரம் ஏறுன தவளையாப் பாத்துப் பொறுக்கப் போவேன். ஏழு தவளை அப்பளமாக் கெடந்துச்சு. எட்டாவதுக்குக் காலு மட்டுந்தேன் நசுங்கியிருந்துச்சு. அது அடங்குற வரைக்கும் பக்கத்துலயே குத்தவச்சிருந்தேன். அப்புறம் அத்தாவோட சவரக்கத்தி.

— மறுநா கத்தி மொக்கையாப் போச்சுன்னு அத்தா என்னப் போட்டு அறைஞ்சாக.

— நீ என்னக் காட்டிக்குடுக்கல. அந்த ஒரு அறைக்காகத்தேன் நான் உனக்கு நாப்பது படம் போட்டுக் குடுத்தேன்னு வச்சுக்கயேன்.

— அதுக்காகவா போட்ட?

— இல்லண்ணே. பொய் சொல்லக்கூடாது. எட்டாவதோட என்னைய நிப்பாட்டுனாக. பள்ளிக்கொடத்து மணி கேக்குறப்பல்லாம் வாசலுக்கு ஓடிப்போயி நிப்பேன். நீ நோட்டக் கொண்டாந்த பெறகுதேன் அது நின்னுச்சு. நீ மதுரையில ரெண்டு வருசம் படிச்ச. நான் கொல்லையில ரெண்டு வருசம் படிச்சேன். உன் காலேசுல நானும் ஒரு ஆளுன்னு எனக்குள்ள ஒரு நெனப்பு. யாருக்கும் தெரியாது.

— அப்புறம் ஏன் பென்சிலையே தொடாம விட்ட?

— கை வரல.

— அது எப்படி, அம்புட்டு ஆசையாப் போட்ட கை திடுதிப்புன்னு வராமப் போகும்? உன் மக ரம்லத்து பென்சில் கேட்டாக்கூட நீ புடுங்கி வைக்கிறியாம். மாப்ள வருத்தப்பட்டுச் சொன்னாரு. "கணக்குப் போட்டாச்சுல்ல, குடு"ன்னு வாங்கி ஒளிச்சு வச்சிர்றியாமே. ஒம்போது வயசுப் புள்ளகிட்ட.

— எம் மக. நான் பாத்துக்கிறேன்.

— நான் உன் அண்ணன், கேக்கக்கூடாதா?

— கேளு. கேட்டா என்ன, சொல்றேன். நீ கடைசிப் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்த அந்தத் தையில இங்க கம்பத்துலருந்து என்னையக் கேட்டு வந்தாக. நல்ல எடம்னு அத்தாவுக்குப் புடிச்சுப்போச்சு. எங்கிட்டக் கேட்டாக. நான் பதிலே சொல்லல. தையில கேட்டாக, மாசியில கேட்டாக, பங்குனியில கேட்டாக. பாவம், தாயில்லாப் புள்ளன்னு அத்தா அடிக்கல, வையல. நான் பாட்டுக்குச் சன்னலுக்கிட்ட ஒக்காந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். தெருவுல செருப்புச் சத்தம் கேட்டா எந்திரிப்பேன். தபால்காரரு வந்தா எந்திரிப்பேன். மூணு மாசம். சித்திரையில எனக்கே என்னையப் பாத்து வெக்கமாப் போச்சு. சரின்னு சொல்லிட்டேன்.

— ஜன்னத்து. நீ யாரையாச்சும் மனசுல வச்சிருந்தியா?

— போண்ணே. உன் புத்தி எங்கிட்டுப் போகுது பாரு.

— அப்ப யாருக்காக வாசலப் பாத்த?

— சும்மாதேன். பாக்குறதுக்கென்ன, வாசல்தான. இந்தா, பாதி ஏடு விட்டுருச்சு. கத்தி வேணாம், கிழிச்சிருவ. வெறகத் தள்ளு, ஆவி கொறையுது.

— கடுதாசியில இன்னொண்ணும் எழுதியிருக்காக. படத்துக்குக் கீழ போட்டவுக பேரு அச்சாகுமாம். என்ன பேரு போடணும்னு நேர்ல கேட்டு எழுதிக்கிறதுக்குத்தான் வாராக.

— உன் பேரையே போட்டுக்க.

— என்ன புள்ள சொல்ற?

— நோட்டு உன் நோட்டு. அட்டையில உன் பேருதேன் இருக்கு. டாக்டர் அலி அக்பர்னு போட்டா புஸ்தகத்துக்கும் கௌரவம். ஊருல நாலு பேரு காட்டிக் காட்டிப் பேசுவாக. நான் கேக்க மாட்டேன்.

— அப்படிச் செய்யலாம்னுதான் ஒரு வாரம் கடுதாசியப் பொட்டிக்குள்ள வச்சிருந்தேன். மறைக்கல, சொல்லிர்றேன். பேனாவையும் எடுத்தேன். முடியல. ஏற்கனவே உங்கிட்டருந்து ஒண்ண எடுத்துட்டேன். ரெண்டாவதையும் எடுக்க எனக்குத் தைரியம் இல்ல.

— என்னத்த எடுத்த?

— மழையில்ல ஜன்னத்து. நான்தான் ஒட்டுனேன்.

— தெரியும். சோத்துப் பசை. வெரலுல வழவழங்குது பாரு. எதுக்கு ஒட்டுன?

— ரெண்டாம் வருசம் கிறிஸ்மஸ் லீவு முடிஞ்சு ஆஸ்டலுக்குப் போறேன். பொட்டியத் தெறந்து நோட்டப் பொரட்டுறேன். அறுபதாம் பக்கம் நீ போட்ட கொசுப்புழு. எதுத்தாப்புல அறுபத்தொண்ணுல, பக்கம் பூரா செகப்பு மை. லீவுக்கு முந்தி சார் எழுதிக் குடுத்தது. நான் வழக்கம்போலப் பாக்காமப் பொட்டியில போட்டுட்டேன். மத்ததெல்லாம் இங்கிலீசுல நாலு வார்த்தை எழுதுறவுக, அத மட்டும் தமிழ்ல எழுதியிருந்தாக. ஏன் தமிழ்ல எழுதுனாகன்னு படிச்சப்பத்தான் வெளங்குச்சு. அது எனக்கு எழுதினதே இல்ல.

— ம்.

— உனக்கு எழுதியிருந்தாக. உன் பேரு தெரியாது, ஆணா பொண்ணான்னு தெரியாது. ஆனா நான் போடலைங்கிறது அவுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு. ரூம்ல கூட இருந்தான் வீரபாண்டி, கெங்குவார்பட்டிக்காரன். அவன்கிட்டக் காட்டுனேன். "ஏலே, மாசியில வெளியூரு எக்ஸாமினர் வருவாரு, நோட்ட மேசையில வைக்கணும். இத அவரு படிச்சா நோட்டே உன்னோடது இல்லம்பாக. பரீட்சையே எழுத விட மாட்டாக. டாக்டர் படிப்பெல்லாம் கனவுலதான்"னான். ஏட்டக் கிழிக்கவும் முடியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் போட்டுக் காலேஜ் சீல் குத்தியிருக்கும். மெஸ்ஸுக்குப் போனேன். ஒரு கை சோறு எடுத்தாந்தேன். ரெண்டு பக்கத்துலயும் ஓரத்தச் சுத்தி தேய்ச்சேன், மூடுனேன், மேல பொட்டியத் தூக்கி வச்சேன்.

— தேய்க்கிறப்ப படத்தப் பாத்தியா?

— படத்த எங்க பாத்தேன். செகப்பு மையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

— ம். அப்புறம்?

— அப்புறமென்ன, பாஸ் பண்ணுனேன். மெட்ராசுக்குப் போனேன். டாக்டரு ஆனேன். காய்ச்சல்காரகளுக்குக் கொயினா மாத்திரை குடுக்குறப்பெல்லாம், கையில நாடியப் புடிக்கிறப்பெல்லாம், இது என் கை இல்ல, எந்தங்கச்சி கைன்னு தோணும். நீ நம்ப மாட்ட. நோட்ட எரிச்சிரலாம்னு ரெண்டு தடவ அடுப்புக்கிட்டக் கொண்டுபோயிருக்கேன்.

— விட்டுருச்சு பாரு. முழுசா வந்துருச்சு. பையப் பைய விரி.

— மை பூராக் கலங்கிப்போச்சே. ஒரு எழுத்தும் தெரியல. ஆவியில ஓடிருச்சு.

— போகட்டும்.

— போகட்டும்னா? சார் எழுதினத உனக்குக் காட்டணும்னுதான் நோட்டத் தூக்கிட்டு வந்தேன். சரி, எனக்கு அது மனப்பாடம். பதிமூணு வருசமா எனக்குள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. சொல்லவா?

— சொல்லு.

— "இந்தப் படங்களை வரைந்தவருக்கு. தாங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இந்த மாணவன் இல்லை என்பது மட்டும் தெரியும். இருபது வருடங்களாக இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறேன். புத்தகத்தை நம்பாமல் கண்ணை நம்பிய ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன். தாங்கள் படிக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் எங்கள் வீட்டிலேயே என் மனைவியின் பாதுகாப்பில் தங்கிப் படிக்கலாம். பரீட்சைக்கு வேண்டிய ஏற்பாடுகளை நான் செய்கிறேன். தங்கள் தகப்பனாரிடம் நானே நேரில் வந்து..."

— "நேரில் வந்து பேசுகிறேன். சம்மதமானால் இந்த நோட்டிலேயே ஒரு வரி எழுதி அனுப்பவும். அந்த ஒரு வரிக்காகக் காத்திருப்பேன்."

— ஜன்னத்து. உனக்கு எப்படி...

— உனக்கு மட்டுந்தேன் மனப்பாடமா?

— நீ படிச்சியா? எப்ப படிச்ச?

— அதே கிறிஸ்மஸ் லீவுல. நீ வந்ததும் பொட்டியப் போட்டுட்டு சுருளி அருவிக்குக் குளிக்கப் போயிட்ட. செகப்பு மையில என்ன வந்திருக்குன்னு பாக்க நான் பொட்டியத் தெறந்தேன். இங்கிலீசா இருக்கும், நீ வந்துதேன் சொல்லணும்னு நெனச்சுக்கிட்டுத் தெறந்தேன். தமிழா இருந்துச்சு. கொல்லைக்குக் கொண்டுபோயி, படிச்சுப் படிச்சுப் பாத்தேன். எம்புட்டு நேரம் படிச்சேன்னு தெரியாது. அடுப்புல கொழம்பு தீஞ்சுபோச்சு.

— அப்ப நான் ஒட்டுறதுக்கு முந்தியே நீ பாத்துட்ட.

— பாத்துட்டேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— சொன்னா நீ அத்தாகிட்டச் சொல்லிருவன்னு பயம். ஒனக்கு எதையும் வச்சுக்கத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒட்டுன பெறகு அந்த நோட்ட அவரு பாத்தாரா?

— பாத்தாக. பரீட்சைக்கு முந்தி அவுகதான் கையெழுத்துப் போடணும். நான் மேசையில வச்சுட்டு நின்னேன். ஏடு ஏடாப் பொரட்டிக்கிட்டு வந்தவுக, அம்பத்தொம்பதுக்கு அப்புறம் நிறுத்துனாக. ஒட்டுன ஏட்ட வெரலால தடவுனாக. பிரிக்கல. என்ன நிமிந்துகூடப் பாக்கல. "சரி, அவங்க இஷ்டம்"னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டு, கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாக. நீ வேணாம்னு ஒட்டி அனுப்பிட்டன்னு நெனச்சுட்டாக. நான் திருத்திச் சொல்லல. வாயத் தெறந்திருந்தா முடிஞ்சிருக்கும். தெறக்கல.

— அவங்க இஷ்டம்னா சொன்னாக?

— ஆமா.

— தடவிப் பாத்தாகளா?

— ஆமா. ரொம்ப நேரம்.

— அப்ப அவுக என்னைய ஒதுக்கல. படம் பத்தாதுன்னு நெனைக்கல. நான் பதிமூணு வருசமா... சரி. சரி. ஒண்ணுமில்ல. பொகை கண்ணுல ஏறிருச்சு.

— அழுகாத. நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காத. நீ முந்தியே படிச்சுட்ட. அத்தாகிட்டயும் கேக்கல, எங்கிட்டயும் கேக்கல. அப்ப நீயாத்தான் வேணாம்னு விட்டிருக்க, இல்லையா? நான் ஒட்டுனதால எதுவும் கெட்டுப்போகல. அப்படித்தான? நான் ஒட்டாம விட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். சொல்லு ஜன்னத்து, அப்படித்தானன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. பதிமூணு வருசமா நெஞ்சுல கெடக்குற கல்லு, நீ சொன்னா எறங்கிரும்.

— கள்ளாட்டம் ஆடாதண்ணே. அந்த நோட்ட எடு.

— எதுக்கு?

— செகப்பு மைதேன் ஓடிப்போச்சு. பென்சிலு அழியாது. அறுபதாம் பக்கத்துப் படத்தப் பாரு.

— பாத்தேன். கொசுப்புழு. தண்ணிக்கு மேல படுத்துக் கெடக்கு.

— இன்னும் நீ பாக்கல. நீ பாக்க மாட்டன்னு எனக்கு அப்பவே தெரியும். அத நம்பித்தேன் செஞ்சேன். புழுவ விடு. பக்கத்துல கோடு இழுத்து எழுதியிருக்கே, அத மேலருந்து ஒவ்வொண்ணா வாய்விட்டுப் படி.

— ஹெட். ஆன்டெனா. ஐ. தொராக்ஸ். அப்டமன். வாலுக்கிட்ட முடி. மூச்சுத்துளை... ஏழு கோடுதான. சாரும் லென்ஸ் வச்சு ஏழுன்னுதான் கிளாஸ்ல எண்ணுனாக.

— அவுக எண்ணுனப்ப ஏழு. அவுக எழுதி அனுப்புன பெறகு, கொல்லையில ஒக்காந்து நான் எட்டாவது ஒண்ணு இழுத்தேன். அடியில பாரு. வாலுக்குக் கீழ.

— பொடி எழுத்தா இருக்கு. இது இங்கிலீசு இல்லையே, தமிழா?

— படிண்ணே. பஸ்ஸு வந்துரும். அவுக வர்றதுக்குள்ள ஒரு தடவ படிச்சுக் காட்டு. என் காதால கேக்கணும்.

— "ஐயா, நான் ஜன்னத். பூரண சம்மதம். அத்தாவிடம் வந்து கேளுங்கள். வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்."